தொள்ளாயிரத்து நாற்பது தியானங்கள்

இந்த வருடத் தவக்காலத்தை ஒரு குறையும் இல்லாமல் கழிப்பது என்று நான் முடிவு செய்தேன். எனக்கும் குறை வரக் கூடாது. மேபலுக்கும் தெரிய வரக் கூடாது.

மேபல் என் மனைவி. ஐந்தாம் வகுப்பு டீச்சர். முப்பது வருடமாகக் காலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், பின்னேரத்தில் எனக்கு. மகள் லிண்டாவைக் கட்டிக்கொடுத்து நீர்கொழும்புக்கு அனுப்பிய பிறகு அம்பிட்டிய வீட்டில் மாணவன் நான் ஒருவன்தான். வகுப்பில் முதலாம் பிள்ளையும் நான்தான், கடைசிப் பிள்ளையும் நான்தான்.

விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தவள், சேலையைக்கூட மாற்றவில்லை. அலுமாரியைத் திறந்து ஊதாத் துணி ஒன்றை எடுத்து டீவிக்கு மேல் போட்டாள். நான்கு மூலைக்கும் ஊசி குத்தினாள்.

"மேபல், செய்தியாவது..."

"பேப்பர் வாசிங்க."

"மழை வருமான்னு பாக்க..."

"ஜன்னலைத் தொறங்க."

"பல்லேகலயில மேட்ச் நடக்குது மேபல். நம்ம ஊருல!"

"பக்கத்துலதானே. காதைக் குடுத்துக் கேளுங்க."

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவளும் தனக்குப் பிடித்த ஒன்றை விட்டாள். அவளுக்கு மூன்று டீவி நாடகம் உண்டு. ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். அந்த நேரத்தில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், விளம்பரம் வரும்வரை விழுந்தபடியே கிடக்க வேண்டும். அப்படிப்பட்ட நாடகங்களை ஆண்டவருக்காக நாற்பது நாள் ஒறுத்தாள். அவளுக்கு அந்த மனதைக் கொடுத்த ஆண்டவர் எனக்குக் கராத்தே படத்தைக் கொடுத்துவிட்டார்.

வெட்கப்பட்டு என்ன செய்வது, சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்தாறு. கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் மொத்தக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். ஆணி, பூட்டு, பிணைச்சல், குழாய் எல்லாம் என் பொறுப்பு. வாழ்க்கையில் ஒருவரையும் அடித்ததில்லை. அடிப்பவர்களைப் பார்ப்பதோடு சரி. "என் குருவைக் கொன்னவன் நீதானாடா?" என்று மதுரைத் தமிழில் கேட்டுவிட்டு ஒரு சீனன் பனைமர உயரத்துக்குப் பாய்வான் பாருங்கள், அந்த மாதிரிப் படங்கள். பதினேழு வருடம் தேடித் தேடிச் சேர்த்தேன். மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பது. நான்கு பழைய ஹார்ட் டிஸ்கில் நிரப்பி, என் மழைக்கோட்டுக்குள் சுற்றி வைத்திருந்தேன். ஜனவரியில் அதில் ஒன்று டிக் டிக் என்று பல்லைக் கடிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டீவிக்கோ துணி. டிஸ்குக்கோ சாவு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து இருப்பதை நான் யூடியூபில் கண்டுபிடித்தேன். சின்னப் பெட்டி ஒன்று. வீட்டு ரவுட்டரோடு ஒரு வயரைக் குத்திவிட்டால், உள்ளே போட்ட படத்தையெல்லாம் வீட்டில் எந்த மூலையில் இருந்தும் போனில் பார்க்கலாம். கதவைச் சாத்திக்கொண்டும் பார்க்கலாம். பெயர் நாஸ்.

மேபலிடம் பேச்சை எடுத்தேன்.

"லிண்டாவோட புதுநன்மைப் பூசை வீடியோ எங்க இருக்கு?"

"மேசை லாச்சியில. சீடீயா."

"பூஞ்சணம் புடிச்சிருக்கு. நம்ம கோயில் திருப்பாடுகளின் காட்சி சீடீயும் அப்படித்தான். இந்தக் கண்டிக் குளிருக்கு எல்லாம் போயிரும் மேபல். ஒரு பெட்டியில போட்டுட்டா காலத்துக்கும் இருக்கும். நாஸ்னு பேரு."

"நாஸாவா? ராக்கெட் விடுறவங்களா?"

"நாஸ். ராக்கெட் எல்லாம் இல்ல. ஒரு மூலையில சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கிறதுக்குத்தான் வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இருக்கே."

தவக்காலம் என்பதால் பொறுத்துக்கொண்டேன். "தியானப் பிரசங்கமும் நெறைய போட்டு வைக்கலாம். பின்னேரத்துல கொஞ்சம் தியானம் கேக்கலாம்னு யோசிக்கிறேன்."

மேபல் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "வாங்குங்க," என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒரு பிரஷர் குக்கர் வாங்க மூன்று மாதம் விவாதித்த குடும்பம் இது. ஒரே வார்த்தையில் அனுமதி கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஆனால் நான் அப்போது தலைகால் தெரியாத சந்தோஷத்தில் இருந்தேன்.

ரிஸ்கானின் கம்ப்யூட்டர் கடை கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் சின்ன வயதில் மேபலிடம் படித்தவன். இந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஒரே வாரத்தில் பிறந்துவிட்டன. எச்சில்கூட விழுங்காமல் அவன் விளக்கினான். ஒரு பிளேன்டீகூடக் கேட்க முடியாமல் நான் கேட்டேன். அவன் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி', 'போறீங்க' என்பது 'போற'.

"டீச்சர் சுகமா அங்கிள்?"

"அவங்க நல்ல சுகம். எனக்குத்தான் ஒரு பெட்டி வேணும்."

"டிஸ்க் எத்தன போடப் போற? ஒண்டு போடுறதும் ஈக்கி, ரெண்டு, நாலு போடுறதும் ஈக்கி."

"ஒண்ணு போதாதா?"

"அந்த ஒண்டு பழுதாப் போனா எல்லாம் போச்சி. ரெண்டு போட்டா, இதுல எழுதுறத அப்படியே அதுலயும் எழுதும். கண்ணாடி மாதிரி. ஒண்டு மவுத்தானாலும் மத்தது ஈக்கும்."

கண் கலங்கிவிட்டது எனக்கு. "அதுதான் வேணும். எவ்வளவு கொள்ளும்?"

"ரெண்டு டெரா டிஸ்க் ரெண்டு போடுவம். கொள்ளுறது ரெண்டு டெரா."

"ரெண்டும் ரெண்டும் நாலு இல்லையா?"

"கண்ணாடி போட்டா ரெண்டுதான் அங்கிள்."

"உனக்குக் கணக்குப் படிப்பிச்சது யாரு?"

"டீச்சர்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

அதோடு முடிந்ததா? இல்லை. மூன்று நாள் அலைந்தேன். ஒரு பெட்டிக்குப் பலம் போதாது என்றான். பழைய படத்தைப் போனுக்குப் பொருந்துகிற மாதிரி அந்த நேரத்திலேயே மாற்றிக் கொடுக்கப் பெட்டிக்கு மூளை வேண்டுமாம். மூளை உள்ள பெட்டிக்கு விசிறி சத்தம் போடும் என்றான். சத்தம் போடாத பெட்டிக்கு நினைவு குறைவு என்றான். ஒரு பெண் பார்க்கும் படலத்தில்கூட இத்தனை குறை சொல்ல மாட்டார்கள்.

"எத்தன பேர் ஒரே நேரத்துல பாக்கப் போற?" என்று கேட்டான்.

"ஒருத்தன்."

"ஒருத்தருக்கா இவ்வளவும்?"

"சத்தம் போடாத. அந்த விசிறிச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேக்குமா? ஜெபமாலை சொல்ற ஒரு ஆளுக்கு?"

"ஜெபமாலையச் சத்தமாச் சொன்னாக் கேக்காது."

மேபல் சத்தமாகத்தான் சொல்வாள். வாங்கிவிட்டேன். கரண்ட் போனால் பெட்டி அதிர்ச்சியில் கெட்டுப்போகும் என்றான். அதற்கு ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கினேன். என் பழைய டிஸ்குகளில் இருந்த அத்தனை படத்தையும் அவனே பெட்டிக்குள் ஏற்றினான். ஒரே அமுக்கில் எல்லாவற்றுக்கும் தியானம் 1, தியானம் 2 என்று தொடங்கி தியானம் 940 வரைக்கும் பெயர் வைத்தும் தந்தான். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்தேன். சாகப்போகிற டிஸ்குகளை இனி நம்ப வேண்டாம் என்று நான்கையும் அவனே காலி செய்து எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் குறைத்தான். இரண்டு டிஸ்க், கண்ணாடி, யூபிஎஸ். இனி என் படங்களை எமன் வந்தாலும் தொட முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிறகு வந்த இரண்டு வாரம் போல ஒரு தவக்காலத்தை எந்தக் கிறிஸ்தவனும் கண்டிருக்க மாட்டான். ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவேன். கைகால் கழுவுவேன். அறைக்குள் போய்க் காதில் மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்வேன். பக்கத்து அறையில் மேபல் ஜெபமாலையில் துக்கத் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருப்பாள். இங்கே ஒரு மொட்டைத்தலைக் குரு ஆறு பேரை ஒரே விளக்குமாற்றால் அடித்துக்கொண்டிருப்பார்.

நடுவில் மேபல் எட்டிப் பார்ப்பாள். நான் போனை நெஞ்சில் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

"இன்னைக்கு என்ன தியானம்?"

"மனந்திரும்புதல்."

"கால் ஏன் உதைக்குது?"

"நரம்பு."

"முகமெல்லாம் வேர்த்திருக்கே."

"ரொம்ப உருக்கம் மேபல்."

அடுத்த நாள் காலுக்குப் பூச ஒரு எண்ணெய்ப் போத்தல் வாங்கி வந்தாள். எனக்கே கொஞ்சம் மனச்சாட்சி குத்தியது. எண்ணெயைப் பூசிக்கொண்டு தியானம் 63 பார்த்தேன்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கக் கோப்பைகள். அலுமாரியில் விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பைகள். மேபல் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வர்றாங்க?"

"ஃபாதர். நாலு மணிக்கு."

"என்ன விசேஷம்?"

"பெட்டியை மந்திரிக்க. புதுசா ஒரு சாமான் வாங்கினா மந்திரிக்க வேணாமா? போன வருசம் தண்ணி மோட்டரையே மந்திரிச்சோமே. நம்ம கோயில் அன்பியக் குழுவுல இருந்து இருபத்திரெண்டு பேரும் வர்றாங்க."

"பெட்டிக்கு எதுக்கு இருபத்திரெண்டு பேர்?"

"மந்திரிச்சதும் டீவியில திருப்பாடுகளின் காட்சி பாக்குறதுக்குத்தான். அதுக்கு மட்டும் துணியை எடுக்கலாம், பாவமில்ல." ஒரு கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆ, அதுக்கு முந்தி தியானம் ஒண்ணும் போடணும். ஆயிரத்துக்குக் கிட்ட தியானம் சேத்து வச்சிருக்காருன்னு சொன்னேன். ஃபாதர் அப்படியே மலைச்சுப் போயிட்டாரு. அவருகிட்டயே அவ்வளவு இல்லையாம். தானே ஒண்ணைத் தெரிஞ்செடுத்துப் போடுறேன்னாரு."

நான் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தேன்.

"பெட்டி கொஞ்சம் பழுது மாதிரி இருக்கு மேபல்."

"பச்சை வெளிச்சம் எரியுதே."

"கரண்ட் போனா?"

"அதுக்குத்தானே நீங்க யூபிஎஸ் வாங்கினீங்க."

அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து ஊதாத் துணியின் ஒரு மூலையைத் தூக்கி டீவியைப் போட்டேன். பெட்டிக்குள் இருப்பதைத் திரையில் திறந்தேன். திரை முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படம். ஒவ்வொன்றுக்கும் கீழே பக்தியோடு ஒரு பெயர். தியானம் 211: சட்டையில்லாத ஒருவன் இன்னொருவனுடைய கழுத்தைக் கக்கத்தில் வைத்திருக்கிறான். தியானம் 212: பல்லில் வாள். தியானம் 213 ஒரு குளியல் தொட்டி. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

இருபத்திரெண்டு பேர். நடுவில் ஃபாதர். அவர் கையில் ரிமோட். அதற்குப் பிறகு நான் அம்பிட்டியவில் குடியிருக்க முடியுமா? கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற ஆள் நான். எந்த முகத்தோடு ஏந்துவது?

ரிஸ்கானுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. பெட்டிக்குள் இவற்றை எங்கேயாவது மறைக்க ஒரு வழி இருக்கும். அது அவனுக்குத்தான் தெரியும். திரும்ப எடுத்தேன். ஒன்பது தடவை எடுத்தேன். நோன்பு காலத்தில் வெள்ளனவே கடையைப் பூட்டிவிட்டுத் தூங்குகிறானாக்கும் என்று பல்லைக் கடித்தேன். இரண்டே முக்கால். மூன்று. மேபல் கோயில் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு கதிரைகளை வட்டமாகப் போட்டாள். ஒவ்வொரு கதிரை இழுபடும்போதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்றேகாலுக்கு நான் லிண்டா விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். தியானம் 1 முதல் 940 வரை எல்லாவற்றையும் தெரிவு செய்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. இல்லை என்ற பொத்தான் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். ஆம் என்றேன். அழித்தவை குப்பைத் தொட்டியில் இருக்கின்றன, அதையும் காலி செய்யவா என்றது. ஸ்டோர் கீப்பருக்கு அரைகுறை வேலை தெரியாது. அதையும் காலி செய்தேன். ஒரு டிஸ்கில் அழிந்தது அதே நொடியில் மற்றதிலும் அழிந்தது. கண்ணாடி அல்லவா? டிஸ்க் செத்தால் காப்பாற்றும் என்று அவன் சொன்னான். நானே கொன்றால் என்ன செய்யும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினேழு வருடம் மூன்று நிமிடத்தில் முடிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் போய் நின்றேன்.

நாலு மணியாயிற்று. நாலேகால் ஆயிற்று. மேட்டுப் பாதையில் ஒரு நாய் மட்டும் ஏறி வந்தது. என்னைப் பார்த்துவிட்டு அதுவும் இறங்கிவிட்டது.

உள்ளே வந்தேன். மேபல் பூப்போட்ட கோப்பைகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஃபாதர் வரலையா?"

"அவரு காலையிலேயே கலஹாப் பக்கம் தோட்டத்துக்குப் பூசைக்குப் போயிட்டாரே."

"அன்பியத்து ஆட்கள்?"

"அவங்க எதுக்கு இங்க வர்றாங்க?"

"அப்ப இந்தக் கோப்பை? கதிரை?"

"கோப்பை தூசி புடிச்சிருந்திச்சு. கதிரைக்கு அடியில கூட்டணும்."

கையில் கிடைத்த கதிரையில் உட்கார்ந்தேன். "மேபல், நீ பொய் சொல்லியிருக்க. தபசு காலத்துல!"

"ஆமா. வர்ற வெள்ளிக்கெழம பாவசங்கீர்த்தனம் இருக்கு. என்னோடதை நான் சொல்லிக்கிறேன். நீங்க உங்களோடதை யோசிச்சு வச்சுக்கங்க. நீளமா இருக்கும்." அலுமாரிக் கதவைச் சாத்தினாள். "நூத்தி எழுவத்தாறாவது தியானத்தை ரெண்டு நிமிசம் பாத்தேன். அதுல ஒரு ஆள் இன்னொரு ஆளை ஏணியால அடிக்கிறான். எந்தப் பிரசங்கத்துலங்க ஏணியால அடிக்கிறாங்க?"

பைபிளில் வருகிற யாக்கோபின் ஏணி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அதை விழுங்கிக்கொண்டேன்.

"பாத்தவுடனே நேரா என்கிட்டக் கேட்டிருக்கலாமே? சண்டை புடிச்சிருக்கலாமே?"

"சண்டை புடிச்சா இடம் கிடைக்குமா?"

"எந்த இடம்?"

"பெட்டியில இடம். என்னோட நாடகம் மூணும் தெனமும் நெட்டுல வருது. அதையெல்லாம் தானா எறக்கிப் பெட்டியில எனக்குன்னு ஒரு தனி இடத்துல சேத்து வைக்கிற மாதிரி பண்ணியிருக்கேன். பாஸ்காத் திருநாள் முடிஞ்ச பொறகு ஒண்ணா உக்காந்து பாக்குறதுக்கு. நாலு நாளா இடம் நெறைஞ்சு போச்சுன்னு கத்திக்கிட்டே இருந்திச்சு. கதாநாயகிக்குக் கல்யாணம் நடக்கிற வாரம் பாருங்க, பாதியில நின்னுருச்சு. எனக்கு எப்படி இருக்கும்?"

"தபசு காலத்துல நாடகமா?"

"நான் எங்க பாத்தேன்? சேத்துத்தானே வைக்கிறேன்."

அதில் ஒரு பிழையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் ஸ்டோர் கீப்பர். சேர்த்து வைப்பது பாவம் என்று எப்படிச் சொல்வேன்? அழிக்கச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் சொல்லி வாழ்நாள் முழுக்க வாதாடியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். அதனால் அவள் சொல்லவேயில்லை. என் கையாலேயே, அவசர அவசரமாக, குப்பைத் தொட்டி உட்பட நானே அழிக்கும்படி பார்த்துக்கொண்டாள். கோபப்படுவதற்குக்கூட எனக்கு வழியில்லை. எதற்குக் கோபம் என்று ஃபாதர் கேட்டால் என்ன சொல்வது?

மேபல் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லா இடம் இருக்கு இப்ப. இன்னும் ரெண்டு நாடகம் சேக்கலாம் போல. ரிஸ்கானுக்கு ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லிருங்களேன்."

"அவன் எடுக்க மாட்டான். ஒன்பது தடவை எடுத்துப் பாத்துட்டேன்."

"உங்க போன்ல எடுத்தா எடுக்க மாட்டான்," என்று தன்னுடைய போனை என் கையில் தந்தாள். "இதுல எடுங்க."

ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை. அதற்குள் ரிஸ்கானின் குரல் வந்தது.

"சொல்லுங்க டீச்சர், அங்கிள் எல்லாத்தயும் அழிச்சிட்டாரா?"